கத்தியின் குற்றம்

ஸிட்னி லூமெட்டின் 'ட்வெல்வ் ஆங்ரி மென்' (1957) படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு ஃபிலிம் சொஸைட்டித் திரையிடலில். தகப்பனைக் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு சேரிப் பையனின் உயிர் 12 ஜூரர்களின் கையில் இருக்கிறது. கொலை ஆயுதம் ஒரு பட்டன் கத்தி. வேலைப்பாடு மிகுந்த பிடி. அதை விற்ற கடைக்காரர், இதுபோல் இன்னொன்று தன் கடைக்கு வந்ததே இல்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறார். கத்தி தன் பாக்கெட்டின் ஓட்டை வழியாக எங்கோ விழுந்துவிட்டது என்கிறான் பையன். கத்தியை மேஜைக்குக் கொண்டுவந்தவுடன் விவாதம் முடிந்துவிட்டதாகவே படுகிறது. அப்போது எட்டாவது ஜூரர் தன் பையிலிருந்து அச்சாக அதே போன்ற இன்னொரு கத்தியை எடுத்து, முதல் கத்திக்குப் பக்கத்தில் மேஜையில் குத்தி நிறுத்துகிறார். முந்தின இரவு பையன் குடியிருந்த பகுதியில் நடந்து திரிந்தபோது ஓர் அடகுக் கடையில் ஆறு டாலருக்கு வாங்கியது அது. இம்மாதிரிக் கத்தியை வாங்குவதும் விற்பதும் சட்ட விரோதமாயிற்றே என்கிறார் இன்னொரு ஜூரர். ஆமாம், சட்டத்தை மீறிவிட்டேன் என்று இவர் ஒப்புக்கொள்கிறார். பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

அந்த ஒப்புதலை அன்று நான் கவனிக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் கத்தி மேஜைக்கு வந்ததும் பையன்தான் கொன்றிருக்கிறான் என்று நானும் மனசுக்குள் தீர்ப்பெழுதிவிட்டிருந்தேன். அவனைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அவன் ஒரு பட்டன் கத்தி வைத்திருந்தான் என்பதுதான். சாதாரண சமையல் கத்தியாக இருந்திருந்தால் இத்தனை சீக்கிரம் முடிவுக்கு வந்திருப்பேனா? சந்தேகம். பல வருஷங்கள் கழித்து இக்கத்தியைப் பற்றிய சட்டங்களைப் படிக்க நேர்ந்தபோது, என்னுடைய அந்த அவசரம் என் சொந்தக் குறை மட்டும் அல்ல, ஒரு சட்டமன்றமே அதே அவசரத்தில் இயங்கியிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு பொருளை வாங்குவதும் வைத்திருப்பதும், அதைக் கொண்டு எதுவும் செய்யாதபோதும், குற்றமாக முடியுமா என்கிற கேள்வி இப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

பட்டனை அழுத்தினால் பிடிக்குள்ளிருந்து அலகு தானாக விரியும் கத்தி அமெரிக்காவில் பெருவாரியாகத் தயாராகத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் இதற்குக் காப்புரிமைகள் பெற்று, தொழிற்சாலை வைத்து உற்பத்தி செய்தார். ஒரு கையில் வேலை இருக்கும்போது மறு கையால் திறக்கலாம் என்பதுதான் இதன் சௌகரியம். இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட்டில் குதிக்கும் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பட்டன் கத்தி தரப்பட்டது. மரத்தில் சிக்கித் தொங்குகிறவன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை அறுத்தாக வேண்டும். ஜெர்மானியப் பாராசூட் வீரர்களிடம் வேறொரு வகை இருந்தது: அலகு தன் எடையினாலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கத்தி. யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் இத்தாலியிலிருந்து மெல்லிய நீண்ட ஸ்டிலெட்டோக்களை நினைவுப் பொருளாக வாங்கி வந்தார்கள். பின்னர் அவை இறக்குமதியாகிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன.

1950இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் ஜாக் ஹாரிசன் போலக் என்பவர், கொல்லுகிற விளையாட்டுச் சாமான் என்று இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின. 1955இல் 'ரெபெல் விதவுட் எ காஸ்', 'பிளாக்போர்ட் ஜங்கிள்' ஆகிய படங்களில் இளைஞர்கள் பட்டன் கத்தியை விரித்தார்கள். 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' அதை நாடக மேடைக்குக் கொண்டுவந்தது. தெரு முனையில் நிற்கிற, பெரும்பாலும் குடியேறிகளின் அல்லது ஏழைகளின் பிள்ளையான ஒரு பையனின் உருவமும் இந்தக் கத்தியும் பார்ப்பவர் மனசில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நியூயார்க்கிலிருந்து தேர்வான காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் டிலேனி விடாமல் முயன்றதில், 1958 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் நிறைவேறியது. மாநிலங்களுக்கிடையே பட்டன் கத்தி வியாபாரம் தடை செய்யப்பட்டது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. வைத்திருப்பதைப் பற்றி ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் செய்துகொண்டது.

சட்டம் தரும் வரையறையின் சாரம் இது: பிடியில் உள்ள பட்டனையோ வேறு விசையையோ கையால் அழுத்துவதால், அல்லது அசைவின் வேகத்தாலோ புவியீர்ப்பாலோ, அலகு தானாகத் திறந்துகொள்ளும் கத்தி. இதைப் படித்தபோது எனக்கு விநோதமாகப் பட்டது, இதில் கூர்மையைப் பற்றியோ நீளத்தைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான். குத்துகிறது அலகு, சட்டம் பார்ப்பது விசையை. 2009இல் ஒரு திருத்தம் வந்தது. அலகை மூடியே வைத்திருக்கும்படி விசை அமைந்து, அலகின் மீதே விரலை வைத்துத் தள்ள, அதன் பிறகு ஸ்ப்ரிங் உதவியால் திறக்கும் கத்திகளுக்கு விலக்கு தரப்பட்டது. இரண்டிலும் ஸ்ப்ரிங் இருக்கிறது. இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கின்றன. கட்டை விரல் பிடியில் இருந்ததா அலகில் இருந்ததா என்பதுதான் சட்டப்படி வித்தியாசம். ராணுவத்தினரின் உத்தியோகக் காரியங்களுக்கும் விலக்கு உண்டு. ஒரே கை உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தம்முடன் வைத்துக்கொள்ளவும் 1958 சட்டமே இடம் தருகிறது.

ஒற்றைக் கை மனிதருக்கான இந்த விலக்கில் கருணை இருக்கிறது. கூடவே ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. இக்கத்திக்குக் கொலையைத் தவிர வேறு உபயோகம் உண்டு என்று சட்டமே அதில் ஒத்துக்கொள்கிறது. விஷ வாயுவுக்கு இப்படி ஒரு விலக்கு எழுத முடியாது. பொருள்களைத் தடை செய்யும் உரிமை சட்டத்துக்கு அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அழிப்பதைத் தவிர வேறெதற்கும் ஆகாத பொருள்கள் உண்டு. அவற்றைத் தடுக்க அதன் சொந்தக்காரனின் மனசைத் துருவிப் பார்க்கத் தேவையில்லை. கத்தி அந்த ஜாதி அல்ல.

எனினும் தடையை ஆதரிப்பவர்களிடமிருந்து அவர்களே சொல்லாத ஒரு நல்ல வாதத்தை எடுத்துச் சொல்வது நேர்மை என்று நினைக்கிறேன். மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து அலகை இழுக்க வேண்டும். சில நொடிகள் ஆகும். கோபத்துக்கும் குத்துக்கும் நடுவில் விழும் அந்தச் சில நொடிகளில் ஒருவன் எதிராளியின் முகத்தைப் பார்க்கலாம், தன் கையைத் தானே பார்க்கலாம், வெட்கப்படலாம். பட்டன் அந்த இடைவெளியை இல்லாமல் செய்கிறது. அதுவரை மறைந்திருந்தது ஒரு 'க்ளிக்' சப்தத்துடன் வெளிவந்துவிடுகிறது. அந்தச் சப்தமே ஒரு பயமுறுத்தல். பல இளைஞர்கள் அதற்காகவேதான் அதை விரும்பினார்கள் என்பதையும் மறுக்க வேண்டாம். அந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் சட்டம் முயல்கிறது என்று கொண்டால், அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வாதம் நெடுந்தூரம் வராது. உறையிலிருந்து உருவும் கத்திக்கும் அடுக்களை மேஜையில் கிடக்கும் கத்திக்கும் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. அங்கே அந்தச் சில நொடிகள் முதலிலிருந்தே இல்லை. இடைவெளிதான் சட்டத்தின் கவலை என்றால் அது அடுக்களையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அடுக்களையில் யாரும் தொடங்கவில்லை, ஏனென்றால் அடுக்களைக் கத்தியைப் பார்க்கும்போது நம் மனசில் எழும் முகம் நம்முடைய அம்மாவின் முகம். பட்டன் கத்தியைப் பார்க்கும்போது எழுவது வேறு யாருடைய முகமோ.

பொருளைக் குற்றவாளியாக்குவது புதிய காரியம் அல்ல. பழைய ஏதென்ஸில், ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமான கல்லையோ இரும்பையோ விசாரிக்கவென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. குற்றம் ருசுவானால் அதை எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவார்கள். இங்கிலாந்தில் நூற்றாண்டுக் கணக்கில் 'டியோடண்ட்' என்று ஒரு முறை இருந்தது. ஒருவன் வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுச் செத்தால் அந்த வண்டி, அல்லது அதன் மதிப்பு, அரசனைச் சேரும். தெய்வத்துக்குக் கொடுக்கப்பட வேண்டியது என்பது அந்தச் சொல்லின் பொருள். ஏழைக் குடியானவனின் வண்டியும் எருதும் இப்படிப் பறிபோயிருக்கின்றன. பிறகு ரயில் வந்தது. ரயில் விபத்துக்களில் மனிதர்கள் இறந்தபோது, ஜூரர்கள் அதே பழைய முறைப்படி எஞ்சின்கள் மேல் பெரிய தொகைகளை விதிக்கத் தொடங்கினார்கள். 1846இல் பார்லிமெண்ட் டியோடண்ட் முறையையே ஒழித்தது. இறந்தவரின் குடும்பம் நஷ்ட ஈடு கோர வழி செய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பொருளுக்குக் குற்றம் ஏற்றுவது அறிவுக்குப் பொருந்தாது என்கிற ஞானம், பொருள் கம்பெனிகளின் சொத்தாக ஆன பிறகே பார்லிமெண்டுக்கு உதித்தது. நூறு வருஷம் கழித்து, தெருப் பையனின் பாக்கெட்டில் இருந்த பொருள் விஷயத்தில் அந்த ஞானம் மறுபடி மறந்துபோயிற்று.

இது வெறும் ஒப்புமையாக நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நியூயார்க்கில் இது நடந்தேயிருக்கிறது. அந்த மாநிலம், அலகு தன் எடையாலோ கையை வீசும் வேகத்தாலோ திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை 1958இல் தடை செய்தது. ஜெர்மன் பாராசூட் கத்தியை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அரை நூற்றாண்டுக்குப் பின்பு, ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் சாதாரண மடக்குக் கத்திகளுக்கே அது பொருந்தும் என்று ஆயிற்று. போலீஸ்காரர் கத்தியை வாங்கி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவார். அலகு திறந்துகொண்டால் குற்றம். முதல் வீச்சில் திறக்காமல் நாலாவது வீச்சில் திறந்தாலும் குற்றமா என்பது நீதிமன்றங்கள் வரை போன பிரச்னை. அதை எதற்காக வைத்திருக்கிறாய் என்று சட்டம் கேட்கவில்லை. அது தடை செய்யப்பட்ட வகை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட எதிர்பார்க்கவில்லை. தச்சர்கள், எலெக்ட்ரீஷியன்கள், நாடக மேடைத் தொழிலாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். முன்பே தண்டனை பெற்றவனாயிருந்தால் அதே கத்தி அவனைப் பல வருஷம் சிறைக்கு அனுப்பப் போதுமானது.

விற்றவர்கள் என்ன ஆனார்கள்? 2010இல் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்குரைஞர் பெரிய கடைகள் சிலவற்றோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அவர்கள் ஏறத்தாழ 19 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இனி விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கடை முதலாளி எவரும் கை விலங்கு பூணவில்லை. அதே கடையில் ரசீது வாங்கிக்கொண்டு கத்தி வாங்கிய தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சுரங்க ரயில் நிலையத்தில் பிடிபட்டான். பொருளின் குற்றம் அதை வைத்திருக்கிறவரின் அந்தஸ்துக்குத் தக்கபடி கரைந்தும் இறுகியும் போவதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் வேண்டியதில்லை. சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய சீர்திருத்தத்தை 2016இலும் 2017இலும் கவர்னர் நிராகரித்தார். ஒரு மத்திய நீதிமன்றம் இது தெளிவற்ற சட்டம் என்று கண்ட பிறகு, 2019 மே மாதம் தடை நீக்கப்பட்டது.

நம் பக்கத்துக் கதையும் ரொம்ப வேறானதல்ல. இந்திய ஆயுதச் சட்டம் (1959) கொஞ்சம் விவேகத்தோடு தொடங்குகிறது. வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்பட்டவற்றை ஆயுதமாகக் கொள்வதில்லை. ஆகவே அரிவாளும் அரிவாள்மணையும் தப்பின. ஆனால் 1980இல் டில்லி நிர்வாகம் பிறப்பித்த உத்தரவு, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள அலகு கொண்ட பட்டன் கத்திகளையும் ஸ்ப்ரிங் கத்திகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஸ்கேல் வைத்து ஒழுக்கத்தை அளப்பது சௌகரியமான காரியம். அளப்பவர் எதிரில் நிற்பவனைப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் செய்யலாம்.

மறு தரப்பு ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மாஸசூஸெட்ஸ் மாநிலம் 1957லிருந்து பட்டன் கத்தியோடு நடமாடுவதைத் தடை செய்திருந்தது. 2024 ஆகஸ்டில் அதன் உச்ச நீதிமன்றம் அத்தடை ஆயுதம் தாங்கும் அரசியல் சாசன உரிமைக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு கேட்ட கேள்விகள் இரண்டு. தேசம் பிறந்த காலத்தில் முன்னோர்கள் மடக்குக் கத்தி வைத்திருந்தார்களா? இன்று சட்டத்தை மதிக்கிறவர்களிடம் பட்டன் கத்தி பரவலாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று பதில், தடை விழுந்தது. முடிவோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தாத்தா வைத்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரரும் வைத்திருக்கிறார் என்பது ஒரு தார்மீகக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஒரு கட்சி கத்தியில் பாவத்தைப் பார்க்கிறது. இன்னொரு கட்சி கத்தியில் பாரம்பரியத்தைப் பார்க்கிறது. கத்தியை ஏந்தியவனைப் பார்ப்பதற்கு இரண்டு கட்சிக்கும் அவகாசமில்லை.

இங்கிலாந்து இதில் கடைசிப் படியையும் ஏறிவிட்டது. 1959இல் தயாரிப்பையும் விற்பனையையும் தடுத்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2021 ஜூலையிலிருந்து ஒருவர் தம் வீட்டு மேஜை அறையில் பட்டன் கத்தியை வைத்திருப்பதும் குற்றம். யாரையும் தொடாத, யாரும் பார்க்காத, ஒருவேளை இறந்துபோன தகப்பன் யுத்தத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பொருள், ஒரு குறிப்பிட்ட தேதியின் காலையில் அதன் சொந்தக்காரரைக் குற்றவாளியாக்குகிறது. அவர் எதுவும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் குற்றவாளியாவது நமக்குக் காஃப்காவின் மூலம் பரிச்சயமான அனுபவம்தான். அதை நாம் கற்பனை என்று பத்திரமாக வைத்திருந்தோம்.

இப்போது அந்தப் படத்துக்குத் திரும்பலாம். பையனைக் காப்பாற்றும் வாதங்களில் ஒன்று கத்தியிலிருந்தே பிறக்கிறது. சேரியில் வளர்ந்த ஐந்தாவது ஜூரர், தான் சின்ன வயசில் கண்டு வெறுத்த அந்தக் கத்தியைத் தயக்கத்தோடு கையில் எடுக்கிறார். இதைப் பழகியவன் கீழிருந்து மேலாகத்தான் குத்துவான், ஓங்கிக் குத்துவதற்குப் பிடியை மாற்ற வேண்டும், அதற்கு நேரமாகும் என்று செய்து காட்டுகிறார். இறந்தவரின் மார்பில் இருந்ததோ மேலிருந்து இறங்கிய காயம். மற்றவர்களுக்கு அது அபாயத்தின் சின்னம். அவர் ஒருவருக்குத்தான் அது ஒரு கத்தி: இன்ன விதமாகத் திறக்கிற, இன்ன விதமாகப் பிடிக்கப்படுகிற ஒரு ஸ்தூலப் பொருள். பொருளைச் சரியாகப் பார்த்தவரால்தான் மனிதனையும் சரியாகப் பார்க்க முடிந்தது.

எட்டாவது ஜூரர் கத்தி வாங்கியது தப்பா? சட்டப்படி தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டார், அதில் மழுப்பலில்லை. ஆனால் கடையில் அவரை ஒரு போலீஸ்காரர் பிடித்திருந்தால், நடுவயசு, நல்ல கோட்டு, ஆர்க்கிடெக்ட் உத்தியோகம் எல்லாம் பார்த்து, காரணம் கேட்டிருப்பார். காரணம் கேட்கப்படும் பாக்கியம் அவருக்கு இருந்தது. அதே ரகக் கத்தியை அதே வட்டாரத்தில் வாங்கிய பையனிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு கத்திகளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மேஜையைச் சுற்றி நின்ற எவராலும் முடியவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் அந்த அறையில் முதலில் கேட்டது விடுதலையை அல்ல. பையன் நிரபராதி என்று தனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றே சொல்கிறார். கேட்டது ஒரு மணி நேரம், பேசிப் பார்க்க. பட்டன் கத்தி பறித்துவிட்டதாகச் சட்டம் கவலைப்பட்ட இடைவெளி அதுதான். இரும்பில் அதை உண்டாக்கச் சட்டம் ஆனமட்டும் முயன்றது. தன் நடைமுறையில் அதை வைத்துக்கொள்ளத் தவறியது. மணிக்கட்டின் ஒரு வீச்சில் ஒருவனைக் குற்றவாளி என்று திறந்து காட்டிவிடுகிற சட்டத்துக்கும், அது அஞ்சிய பொருளுக்கும், செயல்படும் விதத்தில் வேற்றுமை இல்லை. யார் எந்தக் கத்தியை வாங்கலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனக்குத் தெரிந்தபடி முடிவு செய்துகொள்ளட்டும். ஒருவன் கையில் ஒரு பொருளைக் கண்டதற்கும் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கும் நடுவே அந்த ஒரு மணி நேரத்தை வைக்காத சட்டத்தை, அது எவ்வளவு நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதானாலும், நியாயம் என்று அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஃபிலிம் சொஸைட்டியின் இருட்டில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த ஒரு மணி நேரம் தேவைப்பட்டது.